ஏப்ரல் 6-க்கு விடுமுறை கேட்கும் ஆச்சிக்கு

கேள்வி: நான் கோட்டையூர்க்காரி. அழகப்பர் தொடங்கிய கல்வி நிலையத்தில் படித்து, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஏப்ரல் 6-ஐ அரசு விடுமுறையாக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் போட வேண்டும் என்று ஊரார் சேர்ந்து மூவாயிரத்துச் சொச்சம் கையெழுத்து வாங்கினோம். சிவகங்கை கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. கையில் ரசீது நம்பர் மட்டும்தான் இருக்கிறது. சட்டமன்றத்தில் யாரிடம் கொடுக்க வேண்டும்? கோர்ட்டுக்குப் போகலாமா? உள்ளூர் விடுமுறையாவது கிடைக்குமா? மனு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், தப்பு இருந்தால் திருத்தித் தரவும்.

பதில்:

ஆச்சிக்கு வணக்கம்.

உங்கள் மனுவை இரண்டு தடவை படித்தேன். முதலில் இந்த மண்ணில் பிறந்தவனாக. அப்புறம் தலைமைச் செயலகத்தில் வருடக்கணக்காகக் கோப்பு பார்த்தவனாக. முதல் தடவை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது தடவை படிக்கும்போது இது எந்த மேசையில் போய் உட்காரும், அங்கே என்ன குறிப்பு எழுதுவார்கள் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதல் விஷயம், பொது விடுமுறையைச் சட்டமன்றம் விடுவதில்லை. அதற்கு அடிப்படை 1881-ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டம். காசோலைக்கும் புரோநோட்டுக்கும் உண்டியல் என்கிற வணிகச் சீட்டுக்குமான சட்டத்தில் விடுமுறை எங்கே வந்தது என்று வேறு ஊர்க்காரர்கள் கேட்கலாம். வட்டித் தொழிலுக்குக் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன வீடுகளில் பிறந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நோட்டின் தவணை நாள் விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது? முந்தின வேலை நாளே தவணை நாள் என்கிறது அந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. அப்படியென்றால் எதெது விடுமுறை என்று யாராவது சொல்லியாக வேண்டுமே. அந்த அதிகாரம் ஒன்றிய அரசிடம் இருந்தது. 1957 ஜூன் 8-ஆம் தேதி உள்துறை அமைச்சகம் ஓர் அறிவிக்கை போட்டு அதை மாநில அரசுகள் கையில் கொடுத்தது. அழகப்பர் மறைந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதிலிருந்து நடைமுறை இதுதான். வருடக் கடைசி நெருங்கும்போது கோட்டையில், அதாவது தலைமைச் செயலகத்தில், ‘பொதுத் துறை’ என்ற துறையிலிருந்து ஓர் அரசாணை வரும். அடுத்த வருட விடுமுறைகள் அத்தனையும் அதில் இருக்கும். சட்டமன்றத்தில் விவாதம் கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது. முதலமைச்சர் மனது வைத்தால் ஒரு கையெழுத்தில் நடக்கும். அவர் மனது வைக்காத வரை மூவாயிரம் கையெழுத்து இருந்தாலும் நகராது.

இதற்கு நம் பக்கத்து உதாரணமே உண்டு. குன்றக்குடியிலிருந்து காவடி கட்டிக்கொண்டு நகரத்தார் பழநிக்கு நடப்பது நானூறு வருட வழக்கம் என்று சொல்வார்கள். அத்தனை வருடமும் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை இல்லை. லீவு போட்டுவிட்டுத்தான் நடந்தார்கள். 2021-க்கான பட்டியல் முந்தின வருடமே வந்துவிட்டது, அதில் தைப்பூசம் கிடையாது. ஜனவரி மாதத் தொடக்கத்தில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ஓர் அறிக்கை விட்டார். அந்த மாதம் 28-ஆம் தேதி தைப்பூசம் பொது விடுமுறையாகிவிட்டது. அடுத்த மூன்றாவது மாதம் சட்டமன்றத் தேர்தல். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தேர்தலின் வாக்குப்பதிவு நாள் ஏப்ரல் 6. ஆக, அழகப்பர் பிறந்த நாளுக்கு 2021-இல் தமிழ்நாடு முழுக்க விடுமுறைதான்! யாருக்கும் அவர் ஞாபகம் வந்த மாதிரித் தெரியவில்லை.

கொடுத்ததைத் திருப்பி எடுப்பதும் உண்டு. அதே தைப்பூசம் சிங்கப்பூரில் பொது விடுமுறையாக இருந்தது. 1968-இல் அந்த நாட்டு அரசு விடுமுறைகளைக் குறைத்தபோது அதை எடுத்துவிட்டார்கள். டேங்க் ரோடு செட்டியார் கோயிலுக்குக் காவடி போவது நிற்கவில்லை.

சட்டமன்றம் விடுமுறையைத் தொட்ட இடம் என்றால் 1958-ஆம் வருடத்துத் தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட ஐந்து பண்டிகை நாள் என்று மொத்தம் ஒன்பது நாள் சம்பளத்தோடு தர வேண்டும் என்பது அது. மில்லுக்கும் கடைக்கும் கம்பெனிக்கும் பொருந்துவது அதுதான். அரசாணையில் இருபத்துச் சொச்சம் நாள் இருந்தாலும் காரைக்குடி செக்காலை ரோட்டு ஜவுளிக்கடைப் பையனுக்குச் சட்டப்படி இந்த ஒன்பதுதான். நீங்கள் கேட்கிற விடுமுறை கிடைத்தால் வீட்டில் இருக்கப்போவது அரசு ஊழியரும் பேங்க்காரரும் பள்ளிப் பிள்ளைகளும். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவருக்கு அன்றைக்கும் வேலைக்குப் போனால்தான் கூலி.

சரி, அந்த அரசாணைப் பட்டியலையே கொஞ்சம் பார்ப்போம். 2025-க்கு 24 நாள். அதில் ஏப்ரல் 1 வங்கிக் கணக்கு முடிப்புக்கு மட்டும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்த நாள்களையும், பொங்கல், சுதந்திர தினம் மாதிரியானவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரு மனிதரை நினைப்பதற்காக மட்டும் உள்ள நாள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். காந்தி. திருவள்ளுவர், அதுவும் பொங்கலுக்கு மறுநாளில் சேர்ந்துகொள்கிறார். அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14 சித்திரை முதல் நாளோடு வருகிறது. அவ்வளவுதான். பெரியாருக்கு இல்லை. அண்ணாவுக்கு இல்லை. காமராஜருக்கு இல்லை. பாரதிக்கும் வ.உ.சி.க்கும் இல்லை. திருப்பத்தூரில் தூக்கிலேறிய மருது சகோதரர்களுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. உங்கள் மனுவைப் படிக்கிற அதிகாரி முதலில் பார்ப்பது இதைத்தான். “இதனை ஏற்றால் இதுபோன்ற பல கோரிக்கைகள் எழும்” என்று ஒரு வரி எழுதுவார், கோப்பு மூடிவிடும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நானே எழுதியிருக்கிறேன். இன்னொரு மாவட்டத்திலிருந்து இதே மாதிரி ஒரு பெரியவருக்காக வந்த மனு. மஞ்சள் துணிப்பையில் கட்டுக் கட்டாகக் கையெழுத்துத் தாள்கள், ஒவ்வொரு கட்டும் பூ கட்டுகிற நாரால் கட்டியிருந்தது. நார் காய்ந்து, தொட்டதும் உதிர்ந்தது. நான் ஒரு தாளைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. மேலே இருந்த கடிதத்தை மட்டும் பார்த்து “பரிசீலித்ததில் ஏற்க இயலவில்லை” என்று பதில் தயாரித்து அனுப்பினேன். அன்றைக்கு என் மேசையில் அது நாற்பதாவது தாளோ ஐம்பதாவதோ. இப்போது உங்கள் மனுவைப் பார்த்ததும் அந்த நார்தான் ஞாபகம் வந்தது.

அதனால் என் யோசனை, விடுமுறை கேட்காதீர்கள். நாள் கேளுங்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. காமராஜர் பிறந்த ஜூலை 15-ஐப் பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாட வேண்டும் என்று 2006-இல் சட்டமன்றமே தனிச் சட்டம் போட்டது. அன்றைக்குப் பள்ளி திறந்திருக்கும். பேச்சுப்போட்டியும் கட்டுரைப்போட்டியும் நடக்கும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் காமராஜர் என்ற பெயர் காதில் விழும். செப்டம்பர் 17 சமூகநீதி நாள், ஏப்ரல் 14 சமத்துவ நாள், நவம்பர் 18 வ.உ.சி.க்காகத் தியாகத் திருநாள், ஜூலை 18 தமிழ்நாடு நாள் என்று 2021-க்குப் பிறகு வந்தவை எல்லாம் இந்த வகைதான். அதில் சமூகநீதி நாள் பேரவையில் விதி 110-இன் கீழ், அதாவது விவாதமில்லாமல் அறிக்கை படிக்கிற முறையில், முதலமைச்சர் படித்த அறிவிப்பு. ஆகச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற உங்கள் எண்ணம் தப்பில்லை. கேட்ட பொருள்தான் அங்கே கிடைக்காத பொருள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1947-இல் சென்னையில் ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் ஊருக்கு ஊர் கல்லூரி வேண்டும் என்று கேட்க, காரைக்குடியில் நான் தொடங்குகிறேன் என்று அங்கேயே எழுந்து சொன்னவர் அழகப்பர். அந்த வருடமே காந்தி மாளிகையில் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் எடுத்துக் கொடுத்தார். கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் பணம் கொடுத்தார். திறந்து வைப்பதற்கென்றே பிறந்த மாதிரி இருந்துவிட்டுப் போன மனிதரின் பேரைச் சொல்லி அந்தக் கல்லூரி வாசல்களையெல்லாம் ஒருநாள் பூட்டச் சொல்கிறோம். எனக்கு இது பொருத்தமாகப் படவில்லை, ஆச்சி. நீங்கள் ஆசிரியை. விடுமுறை நாளில் பிள்ளைகள் யாரை நினைப்பார்கள் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

தேதி பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் குழுவில் சிலர் மறைந்த நாளான ஏப்ரல் 5-ஐயும், சிலர் பிறந்த நாளான 6-ஐயும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். 1909 ஏப்ரல் 6-இல் பிறந்து 1957 ஏப்ரல் 5-இல் மறைந்தவர். நாற்பத்தெட்டு நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி. இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அது ஏப்ரல் முதல் வாரம். பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பரீட்சை நடக்கிற நேரம், கல்லூரியில் செமஸ்டர் நெருக்கும். அதற்குள் நினைவு நாளை நுழைத்தால் காலை வழிபாட்டில் இரண்டு நிமிடம் வாசித்துவிட்டுப் போவார்கள். என்னைக் கேட்டால் ஜூலை 25-ஐச் சொல்வேன். 1948-இல் அந்த நாளில்தான் பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து சிக்ரிக்கு அடிக்கல் நாட்டினார். பள்ளி திறந்து பிள்ளைகள் புதுப் புத்தகத்தோடு இருக்கிற மாதம். பிடிக்கவில்லை என்றால் ஏப்ரல் 6-லேயே இருங்கள். ஆனால் மனுக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தேதியில் நில்லுங்கள். இரண்டு தேதி எழுதிய மனுவுக்கு “மனுதாரர்களிடையே கருத்தொற்றுமை இல்லை” என்று பதில் எழுதுவது ரொம்பச் சுலபம்.

இனி யாரிடம் கொடுப்பது என்பது. சட்டமன்றப் பேரவையில் மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது. எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய குழு. அவ்வப்போது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வருவார்கள். வருவதற்கு முன்னால் கலெக்டர் ஆபீசிலிருந்து செய்திக்குறிப்பு வரும். பேப்பரில் உள்ளூர்ச் செய்தியில் சின்னதாகப் போடுவார்கள், கவனிக்காவிட்டால் தப்பிவிடும். தலைவர், மனுக்கள் குழு, தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை, சென்னை 600 009 என்று முகவரி. அந்தச் செய்திக்குறிப்பில் வழக்கமாகச் சொல்கிற நிபந்தனைகள் உங்களுக்கு முக்கியம்: மனு தமிழில் இருக்க வேண்டும், ஐந்து நகல் வேண்டும், மனுதாரர் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பட்டா, வேலை, முதியோர் பென்ஷன் மாதிரித் தனியாள் குறைகளையும் கோர்ட்டில் கிடக்கிற விஷயங்களையும் எடுக்க மாட்டார்கள். நீங்கள் கேட்பது பொதுவானது, அதில் தடங்கல் இல்லை.

இந்தக் குழுவுக்குப் போவதில் என்ன லாபம் என்றால், குழு கேட்டால் துறை பதில் சொல்லியாக வேண்டும். குறைதீர் கூட்டத்து மனு கலெக்டர் ஆபீசிலேயே சுற்றும். மாநிலம் முழுக்க விடுமுறையோ நினைவு நாளோ அறிவிக்கக் கலெக்டருக்கு அதிகாரம் இல்லை, மேலே அனுப்பத்தான் முடியும். எட்டு மாதம் பதில் இல்லாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். அனுப்பினார்களா என்று தெரிய, அந்த ரசீது நம்பரைக் குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ.வையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். மாலையோடு கூட்டமாகப் போகாமல் இரண்டு பேர் மட்டும் போங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: துறைகளுக்குப் பணம் ஒதுக்குகிற மானியக் கோரிக்கை விவாதத்தில் அவர் பேசும்போது இதை ஒரு வரி சேர்க்க முடியுமா என்று. பேரவைக் குறிப்பில் ஏறிவிட்டால் அப்புறம் நீங்கள் எழுதுகிற எந்தக் கடிதத்திலும் அதை மேற்கோள் காட்டலாம்.

இப்போது உங்கள் மனு. மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கமும் “பொற்பாதங்களில் சமர்ப்பிக்கும்” என்று ஆரம்பித்து, அழகப்பரை வாழ்த்தி, முதலமைச்சரை வாழ்த்தி, கலெக்டரையும் வாழ்த்துகிறது. என்ன வேண்டும் என்பது மூன்றாம் பக்கம் நடுவில்தான் வருகிறது. அங்கேயும் ஒன்று இல்லை, நாலு: விடுமுறை, பஸ் நிலையத்தில் சிலை, பாடப்புத்தகத்தில் பாடம், காரைக்குடி ரயில் நிலையத்துக்கு அவர் பெயர். இது பொதுத் துறை, செய்தித் துறை, பள்ளிக் கல்வித் துறை என்று மூன்று துறை. நாலாவது ஒன்றிய அரசின் ஒப்புதல் வரைக்கும் போகும். ஒரு துறைக்காரர் தன் பங்குக்குப் பதில் எழுதிவிட்டு மற்றதை “தொடர்புடைய துறைக்கு” என்று தள்ளுவார். அந்தத் தள்ளலிலேயே வருடம் ஓடிவிடும்.

முதல் இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன். மனசு கேட்காவிட்டால் தனித் தாளில் இணைப்பாக வையுங்கள். மனு இவ்வளவு போதும்:

“கல்வி வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார் நினைவாக, ஆண்டுதோறும் …… ஆம் நாளைப் பள்ளிகளில் கல்விக் கொடை நாளாகக் கடைப்பிடிக்கப் பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டுகிறோம். அந்நாள் வேலை நாளாகவே இருக்க வேண்டும். காமராஜர் பிறந்த நாள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்படும் முறையையே இதற்கும் பின்பற்றலாம். இதனால் அரசுக்கு விடுமுறைச் சுமையோ பெருஞ்செலவோ இல்லை.”

கடைசி வரியைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். குறிப்பு எழுதுகிற உதவிப் பிரிவு அலுவலருக்கு அதுதான் பிடிப்பு. கல்லூரிகளுக்கும் வேண்டுமென்றால் உயர்கல்வித் துறைக்கு இதே வாசகத்தில் வேறு மனு.

கையெழுத்துத் தாள்களில் பத்துப் பன்னிரண்டு பக்கம் ஒரே பேனா, ஒரே சாய்வு. வீட்டில் உட்கார்ந்து யாரோ உதவியிருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிகிறது. அந்தப் பக்கங்களை உருவி எறியுங்கள். பேரும் தெருவும் ஊரும் தெளிவாக உள்ள முந்நூறு கையெழுத்து இருந்தால் போதும்.

கோர்ட் வேண்டாம். தாத்ரா நகர் ஹவேலி 1954-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து விடுபட்ட ஆகஸ்ட் 2-ஐ மறுபடி பொது விடுமுறையாக்கச் சொல்லி ஒருவர் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார். பொது விடுமுறை கேட்பது யாருக்கும் உரிமை ஆகாது, இருக்கிற விடுமுறையே அதிகம் என்கிற தொனியில் 2022 ஜனவரியில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். இங்கே போனால் அதிகபட்சம் “மனுவைப் பரிசீலியுங்கள்” என்று ஓர் உத்தரவு வரும். பரிசீலித்து முடியாது என்பார்கள். வக்கீல் ஃபீஸ் தண்டம்.

உள்ளூர் விடுமுறை கலெக்டரால் முடியும். தஞ்சாவூரில் ராஜராஜன் சதய விழாவுக்கு விடுகிறார்களே, அந்த மாதிரி. ஆனால் அது செலாவணி முறிச் சட்டத்தில் வராது. பேங்க் திறந்திருக்கும், கருவூலத்தில் ஆள் இருக்கும். ஈடுகட்ட ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். 2025-இல் ஏப்ரல் 6 ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தது. அப்படிப்பட்ட வருடம் உள்ளூர் விடுமுறைக்கு அர்த்தமே இல்லை.

திருத்திய நகலைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கோடிட்ட இடத்தில் நாளை நிரப்பிவிட்டு, உங்கள் கையெழுத்துக்குக் கீழேயும் தேதி போடுங்கள். போன மனுவில் அது இல்லை.